பதினாலு பாதுகாப்பு அம்சம்னாங்க, லென்ஸ் வச்சு எண்ணிப் பாத்தேன்

போன மாசம் சென்னையில நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சோழர் காசு, காலணா, ஓட்டைக் காசு எல்லாம் பாத்து முடிச்சு கிளம்பற நேரத்துல ஒரு ஸ்டால்காரர் “சார், இது உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்”னு ஒரு கவரை நீட்டினாரு, உள்ள பளபளன்னு ஒரு நோட்டு, ஒரு பக்கம் நெஞ்சு நிறைய மெடல் குத்தின ஒரு இளவரசர், இன்னொரு பக்கம் பாறை மேல உக்காந்திருக்கற கடல் பறவை, மூலையில 20-ன்னு போட்டிருக்கு. “எந்த நாடு”ன்னு கேட்டா அவரு சொன்ன பேரை நான் எந்த மேப்லயும் பாத்ததில்ல. மைக்ரோநேஷன் நோட்டாம். விலை 650, ரெண்டா எடுத்தா 1200, கூடவே பதினாலு பாதுகாப்பு அம்சம் இருக்குன்னு ஒரு சர்டிபிகேட்.

ரெண்டா எடுத்தேன். ஒண்ணு ஆல்பத்துக்கு, ஒண்ணு போஸ்ட்மார்ட்டத்துக்கு.

நாட்டோட பேரையும் சொல்லப் போறதில்ல, ஸ்டால் பேரையும் சொல்லப் போறதில்ல. அந்த நாட்டு ஜனத்தொகை எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பிளாக்கை விட கம்மியா இருக்கும் போல, அவங்ககிட்ட போய் வம்பு எதுக்கு. என்னைப் பத்தி ஒரு வரி: திருவல்லிக்கேணியில ஆஃப்செட் பிரஸ்ல இருபத்திரெண்டு வருஷமா இருக்கேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர், மருந்து டப்பான்னு எல்லாம் ஓட்டியாச்சு, அதனால நோட்டை கையில எடுத்தா முதல்ல பணமா தெரியாது, பிரிண்டாத்தான் தெரியும். இந்த ரிவ்யூவும் அப்படித்தான் இருக்கும்.

மைக்ரோநேஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, ஒரு ஆளோ ஒரு குடும்பமோ “இனிமே நாங்க தனி நாடு”ன்னு அறிவிச்சுட்டு கொடி, முத்திரை, பாஸ்போர்ட், நோட்டுன்னு எல்லாம் போடுவாங்க, வேற எந்த நாடும் ஒத்துக்காது, அவ்வளவுதான் மேட்டர். விளையாட்டுன்னு சிரிச்சுட்டுப் போக முடியாது, சில பேரு வருஷக்கணக்கா விடாம நடத்தியிருக்காங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல லியோனார்ட் காஸ்லின்னு ஒரு விவசாயி, கோதுமைக்கு கவர்மெண்ட் வச்ச கோட்டா கம்மியா இருக்குன்னு கோவப்பட்டு 1970-ல தன் நிலத்தையே ஹட் ரிவர்னு தனி நாடாக்கி, தன்னை இளவரசர்னு சொல்லிக்கிட்டு, ஆஸ்திரேலிய டாலருக்கு சரிசமம்னு சொந்த நோட்டும் போட்டாரு, அதுவும் சில்லறை சென்ட்டுக்கெல்லாம் நோட்டு. அம்பது வருஷம் ஓடி 2020-லதான் இழுத்து மூடினாங்க. அமெரிக்காவுல நெவாடாவுல மொலோசியான்னு ஒண்ணு, அவங்க பணத்தோட மதிப்பை பிஸ்கட் செய்யற ரெடிமேட் மாவோட கட்டி வச்சிருக்காங்க, தங்கத்துக்கு இது எவ்வளவோ மேல், பசிச்சா சாப்பிடலாம். இத்தாலியில செபோர்கான்னு ஒரு மலை கிராமம், லூயிஜினோன்னு காசு, ஒரு லூயிஜினோ ஆறு அமெரிக்க டாலர்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அட அவ்வளவு தூரம் ஏன், நம்ம திருவண்ணாமலைக்காரர் நித்யானந்தாவே 2020 விநாயகர் சதுர்த்திக்கு கைலாசாவோட ரிசர்வ் பேங்க்னு அறிவிச்சு தங்கக் காசைக் காட்டலையா, அப்ப வந்த மீம்ஸ் இன்னும் என் போன்ல இருக்கு.

சரி நோட்டுக்கு வருவோம்.

முதல் அம்சமே “உலகத்தரம் வாய்ந்த பாலிமர்”னு போட்டிருந்தது. தொட்ட உடனே எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இப்ப இருக்கற மாதிரி பாலிமர் நோட்டை மொதல்ல கொண்டு வந்தது ஆஸ்திரேலியா, 1966-ல அவங்க புது டாலர் நோட்டு வந்த அதே வருஷக் கடைசியிலயே எவனோ 10 டாலரை கள்ளத்தனமா அடிச்சு இறக்கிட்டான், அந்த அடி வாங்கின பிறகு இருபது வருஷம் போல ஆராய்ச்சி பண்ணி 1988-ல பிளாஸ்டிக் 10 டாலரை விட்டாங்க. அந்த ஷீட்டு அடிப்படையில கண்ணாடி மாதிரி தெளிவான ஃபிலிம், அது மேல ரெண்டு பக்கமும் வெள்ளை பூசி, ஒரு இடத்தை மட்டும் பூசாம விடுவாங்க, அதுதான் அந்த ஜன்னல். ஜன்னல் ஒட்டறது இல்ல, விடறது. அதனாலதான் கலர் ஜெராக்ஸ்ல அதை எடுக்க முடியாது. இந்த மைக்ரோநேஷன் நோட்டுல ஜன்னல் எப்படி இருக்குன்னா, சாம்பல் கலர்ல லேசா ஷேட் போட்டு ஜன்னல் மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க! விரலை பின்னாடி வச்சா விரல் தெரியல. வெறும் படம். ஷீட்டு எதுன்னா நம்ம ஜெராக்ஸ் கடையில ஐடி கார்டுக்கும் ஹோட்டல் மெனுவுக்கும் போடற நான்-டியரபிள் ஷீட்டுதான், ஓரத்தை நகத்தால சுரண்டினப்பவே தெரிஞ்சுடுச்சு. கிழியாதுங்கறது உண்மை, அதுக்கு மார்க் குடுத்துடறேன்.

அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ், சௌகார்பேட்டையில நகைக்கடைக்காரங்களுக்கு விக்கறது, பிளேட் செக் பண்ண எப்பவும் என் டேபிள்ல இருக்கும். நீங்களும் ஒண்ணு வாங்கி வீட்ல இருக்கற 500 ரூபா நோட்டைப் பாருங்க, ஒரு சாயங்காலமே போயிடும். காந்தி முகம் முழுக்க கோடு, கலர் கலரா புள்ளி கிடையாது. பெருசும் சின்னதுமா, தடிச்சும் மெலிஞ்சும் ஓடற கோடுகள்லதான் அந்தக் கன்னமும் கண்ணாடியும் வருது. பின்னணியில ஒரு நிறம் மெல்ல வேற நிறமா மாறும்போது கூட அங்க புள்ளி இல்ல, அந்த மெல்லிசு கோடே நிறம் மாறிக்கிட்டு போகுது, ஒரே உருளையில ரெண்டு இங்க்கை பக்கத்துப் பக்கத்துல விட்டு நடுவுல கலக்க விட்டாத்தான் அது வரும். நாங்க சாதாரண பிரஸ்ல அடிக்கறது நாலு கலர், எந்த நிறமா இருந்தாலும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு புள்ளி சேர்ந்து பூ மாதிரி நிக்கும். கள்ள நோட்டு அடிக்கறவன் பெரும்பாலும் மாட்டறது இந்த இடத்துலதான், ஸ்கேன் பண்ணி அடிச்ச அடுத்த நிமிஷம் கோடு எல்லாம் புள்ளியாயிடும்.

இளவரசர் முகத்துல லென்ஸை வச்சேன். பூ பூவா பூத்திருக்கு. மூக்கு, மீசை, மெடல் எல்லாம் புள்ளி. டிஜிட்டல் மெஷின் அவுட்புட், பிளேட் போட்டு அடிக்கற ஆஃப்செட் கூட இல்ல. மெடல் ரிப்பன் ஓரமா “நுண்ணெழுத்து” இருக்காம், அது அம்சம் நம்பர் ஆறு. நம்ம 500-ல அந்த மாதிரி இடத்துல லென்ஸ் வச்சா குட்டி குட்டியா பாரத்னு இந்தியிலயும் இந்தியான்னு இங்கிலீஷ்லயும் சுத்தமா படிக்கலாம். இங்க பாத்தா எறும்பு ஊர்ந்து போன தடம் மாதிரி இருக்கு, அதுல முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும்தான் எழுத்துன்னு ஒத்துக்கலாம். அவ்வளவு சின்ன எழுத்தை நாலு கலர் புள்ளியில அடிக்கவே முடியாது, தனி இங்க் ஊத்தி தனி பிளேட்ல அடிக்கணும், எங்ககிட்ட பாட்டில் லேபிள் அடிக்க வர்ற பையனுக்கே இது தெரியும்.

“தொட்டுணரக்கூடிய உயர்ந்த அச்சு”. இதுலதான் எனக்கு கோவமே வந்துச்சு. நிஜ நோட்டுல அது எப்படி வருதுன்னா, உலோகத் தகட்டுல கோடு கோடா பள்ளம் தோண்டி, பள்ளத்துக்குள்ள மட்டும் கெட்டி இங்க்கை நிரப்பி, மேல இருக்கறதை துடைச்சுட்டு, டன் கணக்குல அழுத்தம் குடுத்து காகிதத்தையே அந்தப் பள்ளத்துக்குள்ள அமுக்கி எடுக்கறது. அதான் விரல்ல சொரசொரன்னு படுது. நம்ம நோட்டுலயே இப்ப அடிக்கறதுல 100-க்கு கீழ அது கிடையாது, 100-ல இருந்துதான், அதுவும் பார்வை இல்லாதவங்க தடவிப் பாத்து தெரிஞ்சுக்கணும்னே 500-ல ரெண்டு ஓரத்துலயும் அஞ்சஞ்சு சாய்வுக் கோடும் வலது பக்கம் ஒரு வட்டமும் வச்சிருக்காங்க. இந்த நோட்டுல வச்சிருக்கறது ஸ்பாட் யூவி. ஆமாங்க, கல்யாணப் பத்திரிகையில பிள்ளையார் மேலயும் மணமக்கள் பேர் மேலயும் வழுவழுன்னு பளபளன்னு தூக்கி நிக்குமே, அதேதான். வைகாசியில முகூர்த்தம் வந்தா நான் ஒரு நாளைக்கு நாலாயிரம் அடிக்கறேன், எனக்கு யாரும் உலகத்தரம்னு சர்டிபிகேட் குடுக்கல. நிஜத்துல இருக்கறது சொரசொரப்பு, இதுல இருக்கறது வழவழப்பு, கண்ணை மூடிட்டு தடவினாக்கூட குழம்ப வாய்ப்பே இல்ல.

அதே கதைதான் ஹாலோகிராமுக்கும், ரெடிமேட் வெள்ளி ஃபாயில், சாச்சா வானவில் வருது, அவ்வளவுதான். நம்ம 500-ல குறுக்க ஓடற பாதுகாப்பு நூல் சாய்ச்சா பச்சையில இருந்து நீலத்துக்கு மாறுது, கீழ வலது பக்கம் 500-ங்கற எண்ணும் மாறுது, அதாவது குறிப்பிட்ட ஒரு நிறம் குறிப்பிட்ட இன்னொரு நிறமா மாறணும். வானவில் வர்றது அம்சம் இல்ல, அது பரிசுப் பொருள் சுத்தற பேப்பர்.

ஒரு விஷயத்துல மட்டும் அவங்க மேல எனக்கு பரிதாபம். முன்பக்கம் பாதி பின்பக்கம் பாதி அடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ரெண்டும் சேர்ந்து முழு எண்ணா தெரியற மாதிரி ஒண்ணு நம்ம நோட்டுல இருக்கும், இவங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க, 20-ல சைபர் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கீழ இறங்கிக் கிடக்கு. இதுல கிண்டல் பண்ண மாட்டேன். ஒரு பக்கம் ஓட்டி, ஷீட்டைத் திருப்பி, மறுபக்கம் ஓட்டறவனுக்கு முன்பின் ரிஜிஸ்டர், அதாவது ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் சரியா நிக்கறது, எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், சென்னை ஈரக் காத்துல காகிதம் காலைல ஒரு அளவு மத்தியானம் ஒரு அளவு இருக்கும். நோட்டு அடிக்கற மெஷின் ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல அடிக்குது, அதனாலதான் அது தலைமுடி அளவு கூட நகராது. சாதாரண மெஷினை வச்சுக்கிட்டு அந்த அம்சத்தை வாக்குறுதி குடுத்தது அவங்க தப்பு, அடிச்சவன் தப்பு இல்ல.

இவ்வளவு திட்டியாச்சு, இப்ப நல்லது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல யூவி டார்ச், அதாவது புற ஊதா டார்ச் வாங்கப் போனேன். அங்க நூறு ரூபாய்க்கு கிடைக்கற ஊதா டார்ச்சை வாங்காதீங்க, எது மேல அடிச்சாலும் ஊதாவாத்தான் தெரியும், 365 நானோமீட்டர்னு கேட்டு வாங்குங்க, கொஞ்சம் விலை கூட. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு முதல்ல நம்ம 500-ஐ வச்சேன், காகிதம் மங்கலா கருப்படிச்சு கிடக்கு, நம்பரும் குட்டி குட்டி இழையும் மின்னுது, பருத்தியில செய்யற நோட்டுக் காகிதத்துல வெளுப்பேத்தற கெமிக்கல் போட மாட்டாங்க, அதான் அது மின்னாது. பக்கத்துல பொண்ணோட ஸ்கூல் நோட்டுத் தாளை வச்சா நீலமா பளீர்னு அடிக்குது. இந்த வித்தியாசம் ஒண்ணு போதும் பாதி கள்ள நோட்டைப் பிடிக்க. அப்புறம் குட்டி நாட்டு நோட்டை வச்சேன், எதிர்பார்த்த மாதிரியே நீலமா மின்னுச்சு, சரி இதுவும் போச்சுன்னு திருப்பினேன் பாருங்க.

பின்பக்கத்துல அந்தக் கடல் பறவை உக்காந்திருக்குன்னு சொன்னேன்ல, அதோட காலடியில, பகல்ல வெறும் பாறையா தெரிஞ்ச இடத்துல, மஞ்சப் பச்சையில ஒரு குஞ்சு. வாயைத் திறந்துக்கிட்டு அம்மாவைப் பாக்குது. அதுக்குப் பின்னாடி ஒரு முட்டை ஓடு உடைஞ்சு கிடக்கு. டார்ச்சை எடுத்தா குஞ்சு காணோம், வச்சா வருது. நான் போட்ட சத்தத்துல வீட்டம்மா எழுந்து வந்து “நோட்டு அடிக்கறீங்களா”ன்னு கேட்டா. லென்ஸ் வச்சுப் பாத்தா அந்த இங்க்ல புள்ளி இல்ல, சுத்தமான கோடு, தனியா ஸ்கிரீன் பிரிண்ட்ல ஓட்டியிருக்காங்க, இறகு ஒவ்வொண்ணும் தெரியுது. இதை ஒருத்தர் உக்காந்து ஆசையா வரைஞ்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா சர்டிபிகேட்ல பதினாலுல இது ஒரே வரி, “புற ஊதா அம்சம்”, கடைசிக்கு முன்னாடி பதிமூணாவதா போட்டிருக்காங்க. அந்தக் குஞ்சை முதல் வரியா போட்டு மத்ததை எல்லாம் எடுத்திருந்தா நான் குடுத்த காசுக்கு வாயே திறந்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு டெஸ்ட். பிரஸ் வாசல்ல பூ விக்கற அக்கா இருக்காங்க, அறுபது வயசு இருக்கும், முழம் அளந்துக்கிட்டே காசை வாங்கிப் போடுவாங்க, நிமிந்து கூட பாக்க மாட்டாங்க. ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு மூஞ்சியை சாதாரணமா வச்சுக்கிட்டு இந்த நோட்டை மடிச்சுக் குடுத்தேன். கட்டை விரல் ஒரு தடவை போச்சு, அவ்வளவுதான், கை நின்னுடுச்சு.

“இன்னா தம்பி இது, லாட்டரி சீட்டா?”

தமிழ்நாட்டுல லாட்டரியை 2003-லயே தடை பண்ணியாச்சு, அக்கா விரல் இன்னும் ஞாபகம் வச்சிருக்கு. “வெளிநாட்டு நோட்டுக்கா”ன்னேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இத குடுத்தா அந்த ஊர்ல பூ குடுப்பானா?”ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல, அந்த நாட்ல பூக்கடை இருக்கான்னே எனக்குத் தெரியாது. மடிச்சதுல இன்னொண்ணும் ஆச்சு, மடிப்புல டோனர் வெடிச்சு இளவரசர் மூக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு. நம்ம பத்து ரூபா நோட்டு எத்தனை ஆயிரம் மடிப்பு வாங்குது, சுருக்குப் பை, பஸ் கண்டக்டர் விரலிடுக்கு, மீன் மார்க்கெட் ஈரம், எல்லாம் தாண்டி கிழிஞ்சு போகுமே தவிர மை உதிராது.

நோட்டு மாதிரி இருந்து நோட்டா இல்லாம, அதே சமயம் வேலை செஞ்ச ஒண்ணு நம்ம சென்னையிலயே உண்டு. 2007-ல ஃபிஃப்த் பில்லர்னு ஒரு அமைப்பு விட்ட சைபர் ரூபா நோட்டு. பாக்க 50 ரூபா சாயல், மதிப்பு சைபர், லஞ்சம் கேக்கறவங்க கையில குடுக்கறதுக்கு. ‘இன்ன தொகை தர உறுதியளிக்கிறேன்’னு ரிசர்வ் பேங்க் கவர்னர் எழுதியிருப்பாருல்ல, அந்த மாதிரி இடத்துல லஞ்சம் வாங்கவும் மாட்டேன் குடுக்கவும் மாட்டேன்னு உறுதிமொழி. சாதாரண பேப்பர், சாதாரண பிரிண்ட், அதுக்கு ஹாலோகிராம் தேவைப்படல ஏன்னா அதை எவன் கள்ளத்தனமா அடிச்சாலும் நல்லதுதான். இந்த மைக்ரோநேஷன் நோட்டையும் யாரும் கள்ளத்தனமா அடிக்கப் போறதில்ல, அப்புறம் பதினாலு பூட்டு எதுக்கு? பூட்டு திருடனுக்கு இல்ல, என்னை மாதிரி வாங்கறவனுக்கு. பூட்டைப் பாத்தா உள்ள ஏதோ இருக்குன்னு தோணுமில்ல.

கடைசியா நம்பர். சீரியல் நம்பரும் அதே டிஜிட்டல் மெஷின்லயே அடிச்சிருக்காங்க, தடவினா தட்டையா இருக்கு. திருவல்லிக்கேணியில எந்த சந்துல போனாலும் பில் புக் நம்பரிங் மெஷின் இருக்கும், டக் டக்னு அடிச்சா பின்பக்கம் லேசா பல் பதியும், சில்லறைக் காசு செலவுல முடிஞ்சிருக்கும், நோட்டுக்கு ஒரு கெத்து வந்திருக்கும். அது போகட்டும். ஆல்பத்துல வைக்கறப்பதான் பாத்தேன், நோட்டுல 000417, சர்டிபிகேட்ல 000471. சர்டிபிகேட்ல ஒட்டியிருக்கற ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கே, சத்தியமா சொல்றேன், நோட்டுல இருக்கறதை விட தரமானது, உரிச்சா உடைஞ்சு போற வகை. அதாவது நோட்டை விட நோட்டு நிஜம்னு சொல்ற பேப்பருக்கு காவல் ஜாஸ்தி, அதுலயும் நம்பர் தப்பு. ஸ்டால்காரருக்கு போன் போட்டேன். மனுஷன் ஒரு செகண்ட் கூட யோசிக்கல.

“சார், அது எர்ரர் பீஸ் சார், தப்பா அடிச்சதுக்குத்தான் மவுசு! தெரியாம 600-க்கு குடுத்துட்டேன், திருப்பிக் குடுத்தீங்கன்னா நானே 800-க்கு எடுத்துக்கறேன்.”

குடுக்கல. ஆளை நம்பவும் முடியல, 800-ஐ விடவும் மனசு வரல, ஆனா குஞ்சோட முழுசா இருக்கற நோட்டு அது ஒண்ணுதான், இன்னொண்ணு மூக்கு உடைஞ்சு கிடக்கு.

விலையைப் பத்தி கேக்கறவங்களுக்கு, 250 வரைக்கும்னா தாராளமா வாங்கலாம், 650 அதிகம். பதினாலுல எனக்கு தேறினது ஒண்ணரை, குஞ்சு ஒண்ணு, கிழியாத ஷீட்டு அரை. அதே நாட்டு 50 மதிப்பு நோட்டும் இருக்காம், அதுல திமிங்கலம்னு கேள்விப்பட்டேன், அடுத்த கண்காட்சிக்கு டார்ச்சை பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தான் போறேன், ஸ்டால் மேசைக்கு அடியில தலையை விட்டு அடிச்சுப் பாத்துட்டு, திமிங்கலத்துக்கு வயித்துல ஏதாவது தெரிஞ்சா வாங்குவேன், நம்பரையும் அங்கயே ஒத்துப் பாத்துடுவேன்.